மூணு பதினொண்ணும் இரண்டு மொட்டையும்

திருமலைக்குப் போய் ஏழுமலையானிடம் கேட்பவர்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் மலைக்குக் கீழே, திருப்பதி ஊருக்குள், எதிர்ப்பட்ட மனிதர்களையெல்லாம் நிறுத்தி ஒரே கேள்வியைப் பதினோரு மாதம் விடாமல் கேட்ட பெண் இந்த உலகத்தில் ஒருத்திதான். பெருமாளையும் அவள் கேட்டாள். அவருக்கு ஒரு சௌகரியம், பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் அவளுடைய ரூம்மேட். சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் லேடீஸ் ஹாஸ்டலில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மூணு பதினொண்ணு' என்றுதான் கூப்பிடுவோம். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க ஆசைப்படுகிறவர்கள் ஜி.ஆர்.இ. என்று ஒரு பரீட்சை எழுதுவார்களே, அதில் முந்நூற்று நாற்பதுக்கு அவள் வாங்கியது முந்நூற்றுப் பதினொன்று. முந்நூற்று இருபத்தைந்து வாங்கியிருந்தால் பெட்டி கட்டியிருப்பாள். இருநூற்று எண்பது வாங்கியிருந்தால் தலைமுழுகியிருப்பாள். முந்நூற்றுப் பதினொன்று இருக்கிறதே, அது வெந்தும் வேகாத சோறு. கொட்டவும் மனசு வராது, சாப்பிடவும் முடியாது.

அப்போது நான் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் குடியாத்தம். அவளுக்கும் அதே கம்பெனிதான். ஊர் நகரி, வீட்டில் நான்கு பவர்லூம் ஓடுகிறது. தினமும் காலை ஐந்தே முக்காலுக்குத் திருப்பதியில் கம்பெனி பஸ் ஏற வேண்டும். பஸ்ஸில் அவள் என் பக்கத்து சீட், ரூமில் பக்கத்துக் கட்டில். மனுஷி ஒளிந்துகொள்ள ஒரு இடம் கிடையாது.

மார்க் வந்த மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, மறுபடி எழுதட்டா, வாணாவா?"

வாயில் நுரை. "எழுது" என்றேன்.

"எழுதி இதவிட கொறஞ்சிட்சின்னா?"

"அப்ப எழுதாத."

"எழுதாம, இந்த மார்க்குக்கு எவனும் சீட் குடுக்கலன்னா?"

துப்பிவிட்டுத் திரும்பினேன். "அப்ப எழுதுடி."

"இன்னாக்கா நீ, ஒரு நிமிசத்துல மூணு தபா மாத்தற" என்று கோபித்துக்கொண்டு போனாள். அவள் ஒருத்தியைப் பார்த்து 'மாற்றுகிறாய்' என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். வாய்ப்பை நழுவவிடாமல் சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் ஊரையே கேட்டாள். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக் கேட்டாள். பூக்காரியைக் கேட்டாள். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு, டாக்டரைக் கேட்டாள். கிரெடிட் கார்டு வேணுமா மேடம் என்று போன் பண்ணிய ஒரு பையனை நாற்பது நிமிஷம் பிடித்து வைத்துக்கொண்டாள். கடைசியில் அவன்தான் போனை வைத்தான். அந்தத் தொழிலின் சரித்திரத்தில் இப்படி நடந்திருக்காது.

ஹாஸ்டல் ஓனரம்மா தெலுங்குக்காரர். எங்களுக்கெல்லாம் ஆண்ட்டி. சாயங்காலம் புளி ஆய்ந்துகொண்டிருந்த அவர் எதிரில் போய் மூணு பதினொண்ணு மணை போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஆண்ட்டியும் பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். பதினோராவது நாள், "ராசெய்யம்மா, பீடா போத்துந்தி!" என்று கை கூப்பிவிட்டார். எழுதித் தொலை, பீடை ஒழியட்டும் என்று அர்த்தம். அவள் அதையும் ஒரு கருத்தாக எடுத்துக்கொண்டு செல்போனில் குறித்துக்கொண்டாள். 'எழுது' என்றவர்கள் ஒரு பக்கம், 'வேணாம்' என்றவர்கள் மறுபக்கம். நான் இரண்டு பக்கத்திலும் இருந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கம்பெனியில் அவள் வேலையே முடிவெடுப்பதுதான். மெஷினிலிருந்து வருகிற சர்க்யூட் போர்டுகளைச் சோதனை செய்கிற லைனில் அவள் இருந்தாள். ஒரு போர்டு ஃபெயிலானால் இன்னொரு தடவை சோதிக்கலாம். இரண்டாவது தடவையும் ஃபெயிலானால் சிவப்புத் தொட்டி. அவ்வளவுதான் சட்டம். பத்து விநாடிக்குள் சொல்ல வேண்டும். அவள் ஐந்தே விநாடியில் சொல்வாள். அவள் கை பட்டுச் சிவப்புத் தொட்டிக்குப் போன ஒரு போர்டுகூட தப்பாகப் போனதில்லை என்று சூப்பர்வைசர் மற்றவர்களிடம் சொல்லிக் காட்டுவார். அதே கை ஹாஸ்டலுக்கு வந்தால், இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்று நின்றுகொண்டிருக்கும்.

இவள் இப்படி ஊசலாடிக்கொண்டிருக்க, நகரியில் அவளுடைய நைனா ஒரு காரியம் செய்துவிட்டார். நைனா என்றால் அப்பா. நல்ல மனுஷர், வாய்தான் கொஞ்சம் முன்னே ஓடும். பரீட்சை முடிந்து மார்க்கும் வந்துவிட்டது, அடுத்தது பிளேன்தானே என்று நினைத்து, 'எம் பொண்ணு அமெரிக்கா போவுது' என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். தெரு சும்மா இருக்குமா? தினமும் ஒருத்தர், "இன்னாபா, எப்போ பிளேன்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு மாதம் சமாளித்தார். செப்டம்பரில் ஒருநாள், தறிக்கு நூல் வாங்கப் போன இடத்தில், நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்டபோது வாய் தவறிவிட்டது.

"அது போயி பத்து நாளாச்சேப்பா."

அவ்வளவுதான். அன்றிலிருந்து மூணு பதினொண்ணு அமெரிக்காவில் இருந்தாள். அதாவது, நகரியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில், திருப்பதியில், என் பக்கத்துக் கட்டிலில் இருந்துகொண்டு சொந்த வீட்டுக்குப் போக முடியாமல் இருந்தாள். போனால் நைனாவின் மானம் போய்விடும். நிஜமாகவே சீட் கிடைத்து, நிஜமாகவே பிளேன் ஏறி, நிஜமாகவே லீவில் வந்தால்தான் இனி வீட்டு வாசலை மிதிக்கலாம்.

முதலில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அமெரிக்காவில் இன்றைக்கு மழையா வெயிலா என்று கேட்போம். தீபாவளிக்கு ஹாஸ்டல் காலியானபோது நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, "குடியாத்தத்துல இன்னா பலகாரம்க்கா செய்வீங்க?" என்று கேட்டாள். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தபோதும் அதே கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு எனக்கு அந்த விஷயத்தில் சிரிப்பு வரவில்லை. பொங்கலும் அப்படியே போயிற்று.

அவள் அம்மாதான் பார்க்க வருவாள். தெருவில் காரணம் சொல்ல வேண்டுமே, பெருமாள் தரிசனம் என்று சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியில் மீன் குழம்பு எடுத்துக்கொண்டு வருவாள். தரிசனத்துக்குப் போகிறவள் மீன் குழம்பு எடுத்துப் போகிறாளே என்று சந்தேகம் வரக்கூடாது என்று மேலே பூக்கூடை. மலை ஏறாமல், பெருமாளைப் பார்க்காமல், ஹாஸ்டல் வராந்தாவில் மகள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். ஒரே வருஷத்தில் அத்தனை தடவை தரிசனம் செய்த பக்தை என்று நகரியில் அந்த அம்மாளுக்கு நல்ல பேர்.

ஜனவரிக் கடைசியில் ஒரு போட்டோ வந்தது. அவளோடு படித்த, குப்பம் என்கிற ஊர்ப் பெண், அமெரிக்காவில், பனியில், சிவப்புக் குல்லாய் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பெண் வாங்கியிருந்தது முந்நூற்று நான்கு. இவளைவிட ஏழு கம்மி. மார்க் வந்த வாரமே நாலைந்து யுனிவர்சிடிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாளாம். ஒன்றில் கிடைத்தது, போய்விட்டாள்.

அந்தப் போட்டோவை மூணு பதினொண்ணு ரொம்ப நேரம் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள்.

"அவ யாரையும் கேக்கலியாக்கா?" என்றாள்.

"கேட்டிருக்க மாட்டா."

"எனக்கு மட்டும் ஏங்க்கா கேக்கணும்னு தோணுது?"

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்ரூமில் அரை மணி நேரம் இருந்தாள். வெளியே வந்து, லேப்டாப்பைத் திறந்து, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமைக்குச் சென்னையில் பரீட்சைக்குப் பதிவு செய்துவிட்டாள். ஏழு மாதத்தில் முதல் முடிவு. ஹாஸ்டலில் ஆண்ட்டி அன்றைக்கு எல்லாருக்கும் சேமியா பாயசம் வைத்தார்.

பாயசத்தோடு விட்டிருக்கலாம். எழுதுவது என்று தீர்மானமாகிவிட்டால் மலைக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று அவள் ஏற்கெனவே வேண்டிக்கொண்டிருக்கிறாள். அது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். திருமலையில் பெண்களுக்கு ஒரு சலுகை உண்டு. முழு மொட்டை போடத் தேவையில்லை, நுனி முடியில் மூன்று கத்தரி வெட்டினால் போதும், பெருமாள் கணக்கில் வைத்துக்கொள்வார். நானும் கூடப் போனேன். நடந்தே ஏறினோம். படிக்குப் படி, "மூணு கத்தரி போதுமாக்கா, இல்ல முழுசா குடுத்துடட்டா?" எத்தனை ஆயிரம் படி என்று உங்களுக்கே தெரியும்.

"மூணு கத்தரி போதும்டி. சனிக்கிழம பரீட்சைய வச்சிக்கினு எவளாவது மொட்ட போடுவாளா?"

"கொஞ்சமா குடுத்தா கொஞ்சமா மார்க் வந்துட்டா?"

முடி இறக்குகிற மண்டபத்தில் பெண்களுக்குப் பெண்களே உண்டு. இவளுக்கு வாய்த்த அம்மாள் சுறுசுறுப்பானவர். பிளேடை மாற்றிக்கொண்டே, "மூடு கத்தெரலா, குண்டா?" என்றார். மூன்று கத்தரியா, மொட்டையா? பின்னால் இருபது பேர் டோக்கனோடு நிற்கிறார்கள். குழந்தைகள் அழுகின்றன. உலகத்தில் எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடுவாள்.

இவள் அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்து, "மீரே செப்பண்டி" என்றாள். நீங்களே சொல்லுங்கள்.

நான் வரிசையைத் தாண்டி, "வேணாம், வேணாம், மூணு கத்தரி!" என்று கத்துவதற்குள் அந்த அம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டார். தண்ணீர் ஊற்றிவிட்டால் அப்புறம் பேச்சில்லை. இடுப்பு வரைக்கும் இருந்த முடி ஐந்து நிமிஷத்தில் தரையில் கிடந்தது. மூணு பதினொண்ணு தலையில் சந்தனத்தோடு வந்து என் எதிரில் நின்றாள்.

"நல்லா கீதாக்கா?" என்றாள்.

நல்லாத்தான் இருந்தது. அதைச் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

சனிக்கிழமை சென்னைக்குப் போனோம். திருப்பதியிலிருந்து சென்னை போகிற பஸ் நகரி வழியாகத்தான் போகும், நகரியில் நிற்கவும் நிற்கும். ஸ்டாப்புக்கு எதிரிலேயே டீக்கடை. அங்கே அவளுடைய நைனா கையில் கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். எந்த பஸ், எந்தப் பக்க ஜன்னல் என்று இவள் முந்தின நாளே போனில் சொல்லியிருக்கிறாள். சுற்றிலும் ஊர்க்காரர்கள். அவரால் கை ஆட்ட முடியாது. இவள் துப்பட்டாவை முக்காடு போட்டு, கண் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அப்பன் டீயைக் குடிக்கிற சாக்கில் மகளைப் பார்த்தார். மகள் கடை போர்டைப் படிக்கிற சாக்கில் அப்பனைப் பார்த்தாள். இரண்டு நிமிஷத்தில் பஸ் எடுத்துவிட்டான்.

பரீட்சை மையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அங்கே இருந்தவர் மரியாதையான ஆள். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். போட்டோவில் அடர்த்தியான முடியோடு ஒரு குண்டுக் கன்னப் பெண். எதிரில் மொட்டைத் தலையும், ஏழு மாதக் கவலையில் ஒட்டிப்போன கன்னமுமாக ஒரு பெண்.

"மேடம், இது உங்க அக்கா பாஸ்போர்ட்டா? தவறி எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

மொட்டை போட்ட கதையைச் சொன்னாள். பாவம், அவரும் உள்ளே போய்ப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு வந்தார். முகம் ஒத்துப்போகவில்லை, விட முடியாது, இப்படி அடையாளம் மாறியிருந்தால் புது போட்டோவோடு பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். அந்த ஆபீஸில் போட்டோ எடுத்தார்கள், மொட்டைத் தலையோடு. முடி வளரும் என்ற சங்கதி எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. நானும் டிகிரி படித்தவள்தான்.

அடுத்து போலீஸ் விசாரணை. விலாசம் நகரி. கான்ஸ்டபிள் தெருவுக்குப் போய் அக்கம் பக்கத்தில் விசாரித்திருக்கிறார். "அந்தப் பொண்ணா? அது அமெரிக்கால கீது சார், ஆறு மாசமாச்சு" என்று தெருவே ஒரே குரலில் சொல்லியிருக்கிறது. கான்ஸ்டபிளுக்குத் தலை சுற்றிவிட்டது. ஏற்கெனவே அமெரிக்காவுக்குப் போய்விட்ட பெண் போன வாரம் இங்கே வந்து எப்படிப் போட்டோ எடுத்துக்கொண்டாள்? பெரிய மோசடி ஏதோ சிக்கியிருக்கிறது என்று அவர் நைனாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார். நைனா அங்கே உண்மையைச் சொல்லி அழுதிருக்கிறார். பெண்ணை நேரில் கொண்டுவந்து காட்டு, எழுதிக்கொள்கிறேன், வெளியே சொல்லவும் மாட்டேன் என்றிருக்கிறார் கான்ஸ்டபிள்.

அப்படித்தான் மூணு பதினொண்ணு ஏழு மாதத்துக்கப்புறம் சொந்த ஊர் மண்ணில் கால் வைத்தாள். ஆட்டோவில் முக்காடு போட்டுக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷன். வீடு இரண்டு தெரு தள்ளி. தறி ஓடுகிற சத்தம்கூடக் கேட்டதாம். போகக்கூடாது. அம்மா தூக்குச்சட்டியோடு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டாள். திருடர்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்து அம்மா கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டாள்.

"கான்ஸ்டபிள் சார் ரொம்ப நல்லவருக்கா" என்று வந்து சொன்னாள். "எழுதட்டா வாணாவான்னு அவரையும் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"எழுதும்மா, ஆனா இனிமே மொட்ட மட்டும் போட்டுக்காதன்னார்."

பாஸ்போர்ட் கைக்கு வர மே மாதமாகிவிட்டது. ஜூனில் பரீட்சைக்கு நாள் கிடைத்தது. பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தால், பளபளவென்று மொட்டைத் தலை. நிமிர்ந்து இவளைப் பார்த்தால், அரை விரல் நீளத்துக்குச் சுருள் சுருளாக முடி. ரூமில் இருந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவளே சொன்னாள். "மறுபடி போட்டாத்தான் மூஞ்சி ஒத்துப்போவும்."

வேண்டாம், அவ்வளவு பார்க்க மாட்டார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை வாசலோடு திரும்பி வந்தவளிடம் அந்தப் பேச்சு எடுபடுமா? மறுபடி மலை. இந்தத் தடவை வேறு ஒரு அம்மாள். "மூடு கத்தெரலா, குண்டா?" என்று முடிப்பதற்குள் "குண்டு" என்று சொல்லிவிட்டாள். ஒரு பரீட்சைக்கு இரண்டு தடவை முடி வாங்கிக்கொண்ட தெய்வம் அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ளும் என்று நான் நம்பினேன்.

மாதக்கணக்கில் படித்திருந்தாள், அதையும் சொல்ல வேண்டும். இங்கிலீஷில்தான் மார்க் குறைவு என்று வாயில் நுழையாத வார்த்தைகளையெல்லாம் சீட்டில் எழுதிக் கண்ணாடியில், ஃபேன் சுவிட்சில், என் தலையணையில் ஒட்டி வைத்திருந்தாள். ஹாஸ்டல் தோசைக்குப் பொருத்தமான வார்த்தை மட்டும் பதினேழு கண்டுபிடித்திருந்தாள். கம்பெனி பஸ்ஸில் நான் தூங்கி விழும்போது என் தோளில் புத்தகத்தை வைத்துப் படிப்பாள்.

ஜூன் சனிக்கிழமை மறுபடி பஸ். நகரி டீக்கடையில் நைனா, கையில் கிளாஸ். ஜன்னலில் இவள் கண். சென்னையில் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், தலையைப் பார்த்தார்கள், உள்ளே விட்டுவிட்டார்கள். நான் எதிரில் ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அவ்வளவாகப் பக்தி கிடையாது. அன்றைக்கு ஒரு சாத்துக்குடி ஜூஸை வைத்துக்கொண்டு எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன்.

பரீட்சை முடிந்ததும் கம்ப்யூட்டரிலேயே மார்க் தெரிந்துவிடும். கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"எவ்ளோடி?"

"அதே."

"அதேன்னா?"

"மூணு பதினொண்ணு."

இங்கிலீஷில் மூன்று கூடியிருந்தது. கணக்கில் மூன்று குறைந்திருந்தது. பதினோரு மாதம், இரண்டு மொட்டை, ஒரு போலீஸ் கேஸ், எல்லாம் சேர்ந்து ஒரு மார்க்கைக்கூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தவில்லை. குறைந்திருந்தாலாவது, சரி, விதி என்று அழுதுவிட்டுத் துடைத்துக்கொள்ளலாம். இதற்கு எப்படி அழுவது? ஜூஸ் கடை வாசலில் நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள், அப்புறம் இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம்.

திரும்பி வருகிற பஸ்ஸிலும் என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தாள். திருத்தணி தாண்டும்போது அந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பதினோரு மாதமாக அது எப்போது நிற்கும் என்று ஏங்கியவள் நான். நின்றபோது எனக்குப் பயமாக இருந்தது.

"நகரி, நகரி எறங்கறவங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். சாயங்கால நேரம். டீக்கடையில் நைனா உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவர் வயசுக்காரர்கள் இரண்டு பேர். மார்க்கை இவள் போனில் சொல்லியிருக்க வேண்டும். கிளாஸில் டீ அப்படியே இருந்தது.

மூணு பதினொண்ணு எழுந்து நின்றாள். பையை மாட்டிக்கொண்டாள்.

"எங்கடி போற?"

"பசிக்குதுக்கா. வூட்டுக்குப் போறேன்."

போகட்டுமா என்று கேட்கவில்லை. நைனாவுக்குப் போன் பண்ணிக் கேட்கவில்லை, என்னைக் கேட்கவில்லை, கண்டக்டரைக்கூடக் கேட்கவில்லை. இறங்கிவிட்டாள். துப்பட்டா தோளில் கிடந்தது. ஜூன் மாத வெயிலில் மொட்டைத் தலையோடு ரோட்டைக் கடந்து டீக்கடைக்கு எதிரில் போய் நின்றாள்.

நைனா எழுந்துவிட்டார். பக்கத்திலிருந்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இன்னாபா, இது உம் பொண்ணு மாதிரி கீதே?" என்றது பஸ் ஜன்னல்வரை கேட்டது.

அவர் 'இல்லை' என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"மாதிரி இன்னா மாதிரி? எம் பொண்ணுதான்."

"அமெரிக்கால கீதுன்ன?"

"போவல. நான்தான் பொய் சொல்லிக்கினு இருந்தேன்" என்றார் நைனா. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மகள் தோளிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "இன்னா கண்ணு, காலைல இருந்து எதுனா துன்னியா இல்லியா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். அதற்குள் பஸ் எடுத்துவிட்டான். புத்தூர் தாண்டும்வரை எனக்குக் கண் தெரியவில்லை.

தெரு இரண்டு வாரம் சிரித்தது, அப்புறம் வேறு வீட்டுச் சங்கதி கிடைத்ததும் மறந்துவிட்டது. மூணு பதினொண்ணு செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்துவிட்டாள். அந்த மார்க்கை எங்காவது அனுப்பினாளா என்று கேட்பீர்கள். இல்லை. மூன்றாவது தடவை எழுதினாளா? அதுவும் இல்லை. மார்க் ஐந்து வருஷம் செல்லும், இரண்டு வருஷம் போய்விட்டது. முடி தோளைத் தாண்டிவிட்டது. அதே லைனில் உட்கார்ந்து போர்டுகளைச் சிவப்புத் தொட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதை நினைத்தால் எனக்கு ராத்திரிச் சோறு இறங்குவதில்லை. முதல் நாள் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, 'இந்த மார்க் போதும்டி, இன்றைக்கே அனுப்பு' என்று நான் ஒழுங்காக ஒரு பதில் சொல்லியிருந்தால் அந்தப் பனியில் அவளும் நின்றிருப்பாள்.

நான் வேலை மாறி ஓசூருக்கு வந்துவிட்டேன். தனி ரூம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும்.

"அக்கா, மறுபடி எழுதட்டா, வாணாவா?"

ஒரு வாரம் எழுது என்கிறேன், அடுத்த வாரம் வேண்டாம் என்கிறேன். வேண்டுமென்றேதான் மாற்றிச் சொல்கிறேன், பாவம்தான் எனக்கு. ஒரே பதிலாகச் சொல்லி முடித்துவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் எதற்காக எனக்குப் போன் பண்ணுவாள்?